டுரியான் பூக்காத உயரம்

சுமத்ராவின் காரோ மேட்டில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் பேரைக் கேட்பதில்லை, குலத்தைத்தான் கேட்பார்கள். நிலம் பார்க்க வந்த அதிகாரி சபர், தான் தரிகான் குலம் என்றதும் நந்தே ரஸ்மனுக்கு வாயெல்லாம் பல். அவளும் தரிகான் வீட்டுப் பெண். முன்பின் தெரியாதவன், ஒரே பேச்சில் தம்பி ஆகிவிட்டான்.

"அக்கா வீட்டுக்கு வந்துட்டு வெறும் வயித்தோட தோண்டுவியா? காபியக் குடி மொதல்ல."

"தோண்டிட்டே குடிக்கிறேன்க்கா. மழை வருது."

நந்தே ரஸ்மன் என்றால் ரஸ்மனின் அம்மா. ஊரே அவளை அப்படித்தான் கூப்பிடும். அந்த ரஸ்மன் மட்டும் கீழே மேடான் நகரத்தில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். புருஷன் போன பிறகு, சந்தை நாள் வந்தால்தான் அவள் வாய் திறப்பாள். தனிமை அவளை அரித்தது. வந்துவிடேன் என்று கெஞ்சியபோது மகன் சொன்னான்: "நம்ம நெலத்துல டுரியான் வரும்னு ஆபீசர் சொல்லட்டும், மறுநாளே வரேன்." டுரியான் கீழே சூட்டு நிலத்தில் காய்க்கிற பழம்தான்; ஆனால் மேட்டிலும் இப்போது முன்பைவிட வெயில், வராமலா போய்விடும் என்று அவள் நம்பினாள்.

சபர் இரும்புக்கோலை இறக்கி மண்ணை எடுத்தான். கறுப்பாக, பொலபொலவென்று வந்தது. அவள் முகம் மலர்ந்தது. பிறகு குழிக்குள் வெப்பமானியை விட்டுக் காத்திருந்தான். வேறு இடத்திலும் விட்டுப் பார்த்தான்.

"மண்ணு தங்கம்க்கா. ஆனா குளிரு. டுரியான் ஆகாது. அவகாடோ போடுங்க."

"அது எம் மகனுக்கு வேணாமாம். டுரியான் முளைக்கவே முளைக்காதா?"

"முளைக்கும். மரமா நிக்கும். ஏழு வருஷம் காத்துக் கெடந்தாலும் பூக்காது."

"ஏழு வருஷம் இங்க இருப்பான்ல," என்றாள். "ஆகும்னு எழுதேன் தம்பி."

அக்கா என்று கூப்பிட்டவளிடம் முடியாது என்று சொல்ல அவனுக்கு நாக்கு எழவில்லை. கோலில் ஒட்டிய மண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றான். அவன் சும்மா நின்றதில் அவளுக்கே உறைத்தது, பெற்ற பிள்ளையின் ஏழு வருஷத்தையல்லவா பாழாக்கச் சொல்கிறாள்.

"விடு, எழுதாத," என்று போனை எடுத்தாள்.

"ரஸ்மன், டுரியான் ஆகாதாம்ப்பா. குளிராம்."

இடிந்துபோவான், தேற்ற வேண்டும் என்று அவள் வார்த்தைகளைத் தேடி வைத்திருந்தாள். அந்தப் பக்கம் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டது தெளிவாகக் கேட்டது.

"அப்படியா. சரிம்மா, நாம என்ன பண்ண முடியும்."

எத்தனையோ பழம் இருக்க, மகன் ஏன் டுரியானைக் கேட்டான் என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.