மழை வருஷத்து மூன்றாவது பாட்டில்

ஒயின் வாங்குவதற்கென்று எவரிஸ்ட் ஒரு கொள்கை வைத்திருந்தார். பேர்போன தோட்டம் என்றால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். பத்திரிகைக்காரர்கள் கொண்டாடிய வருஷமா, அதற்கும் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு. யாரோ ஒரு கிழவர் நிலவறையில் போட்டு மறந்துபோய், அவர் கண்ணை மூடிய பிறகு பிள்ளைகள் ஏலத்துக்குத் தள்ளிவிடும் பாட்டில்கள் இருக்கின்றனவே, அவைதான் இவருக்கு வேண்டும். லேபிள் பூஞ்சை பிடித்து அழுகியிருந்தால் இன்னும் சந்தோஷம். ஈர நிலவறை காகிதத்தைத் தின்றுவிடும், தக்கையைக் காப்பாற்றிவிடும். பாரிஸிலிருந்து வருகிற கனவான்களுக்கு லேபிள் பளபளவென்று இருக்கவேண்டும். அவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்த பிறகுதான் இவர் கையைத் தூக்குவார். பிளாய் படகுத்துறையில் முப்பது வருஷம் வடக்கயிறு இழுத்த மனுஷனுக்கு வேறு வழியும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வசந்தத்தில் லிபூர்ன் ஏலத்தில் அப்படி மூன்று பாட்டில் மாட்டியது. லேபிள் இருந்த இடத்தில் ஒரு கறைதான் மிச்சம். ஆனால் ஏலக்காரர் ஒன்றின் கழுத்துத் தகட்டை வெட்டி வைத்திருந்தார். கண்ணாடிக்குள்ளே தக்கையில் வருஷம் தெரிந்தது: 1993. எவரிஸ்டும் மாய்தேயும் கல்யாணம் பண்ணிக்கொண்ட வருஷம் அது. பாட்டில் ஒன்பது யூரோவுக்கு முடிந்தது. எதிர்த்துக் கேட்க ஆளில்லை.

ஆள் எப்படி இருப்பான்? அந்த வருஷம் அறுவடை சமயத்தில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது; மழையில் ஊறின திராட்சையில் ஒயின் நீர்த்துப்போகும். கல்யாண விருந்தன்று மாய்தேயின் அண்ணன் ரொமுவால் எழுந்து நின்று, கோப்பையைத் தூக்கி, "என் தங்கச்சி இவனைக் கட்டிக்கிட்டாளேன்னு திராட்சைக்கொடியே அழுவுது, பாருங்க" என்றார். பந்தியே சிரித்தது. மணப்பெண் சிரிக்கவில்லை. ரொமுவால் போர்தோ நகரத்தில் பல் டாக்டர். எதற்கெடுத்தாலும் யானை விலை, குதிரை விலை சொல்லுகிற ஆள். முப்பத்தொரு வருஷமாக ஒரு விருந்து விடாமல் அந்த வசனத்தைச் சொல்லிச் சிரிப்பார். மாய்தே தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளும் பதில் பேசினதில்லை. அந்த வருஷத்து ஒயினை வைத்தே அந்த வாயை அடைக்கவேண்டும், அவள் ஒரு தடவையாவது தலை நிமிர்ந்து உட்காரவேண்டும். எவரிஸ்டுக்கு வேறு ஆசை இல்லை.

முதல் பாட்டிலைச் சோதனைக்குத் திறந்தார். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. இரண்டாவது சுத்தமான வினிகர். மாய்தேயிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தார். மூன்றாவதைத் தொடவேண்டாம், அது நன்றாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு அவள் பீன்ஸ் உரிக்கப் போய்விட்டாள்.

செப்டம்பரில் கல்யாண நாள் வந்தது, ஞாயிற்றுக்கிழமை. மண்டி கீழே இறங்கட்டும் என்று பாட்டிலை மூன்று நாள் முன்பே நிமிர்த்தி வைத்திருந்தார். ரொமுவால் மத்தியானம் வந்தார், கையில் ஒரு 2010 பாட்டில். பேர்போன தோட்டம், பேர்போன வருஷம். விலையை வாசலிலேயே சொல்லியாகிவிட்டது. உள்ளே வந்ததும் வீட்டிலிருந்த ஒரே கண்ணாடிக் குடுவையை எடுத்து அதில் தன்னுடையதை ஊற்றினார்.

"இது இளசு, மாப்ளே. நல்லா மூச்சு விடணும்" என்றார்.

எவரிஸ்டின் கிழட்டு ஒயினுக்கோ காற்று ஆகாது. பரிமாறுகிற நேரத்தில்தான் வடித்தெடுக்க வேண்டும். எதில் வடிப்பது? குடுவைதான் போய்விட்டதே. அடுப்பங்கரையில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், தினமும் மலிவு ஒயினோடு மேஜைக்கு வருகிற மண்ஜாடியிலேயே நிதானமாக ஊற்றினார். மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார். முதல் வாய் மாய்தேக்குத்தான் என்று நேர்ந்துகொண்டிருந்ததால் நாக்கில் வைக்கவில்லை. அவள் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, ஜாடியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, இறைச்சி வாட்ட முற்றத்துக்குப் போனார். அங்கே திராட்சைச் சுள்ளிகள் நன்றாகக் கனன்றுகொண்டிருந்தன.

ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே ரொமுவால் முட்டைக்கோஸ் சூப்பை முடிக்கப் போகிற சமயம். எங்கள் பக்கத்தில் சூப்பின் கடைசி இரண்டு கரண்டியை யாரும் கரண்டியால் குடிப்பதில்லை. அதில் ஒயினை ஊற்றி, ஒரு சுழற்று சுழற்றி, கிண்ணத்தோடு தூக்கிக் குடிப்போம். அதற்கு நல்ல ஒயினை ஊற்றுகிற பைத்தியக்காரன் பிறக்கவில்லை. மண்ஜாடியில் இருப்பதைத்தான் ஊற்றுவார்கள். ரொமுவாலும் அதைத்தான் செய்தார். ஜாடியை இழுத்தார், கிண்ணம் நிறைய ஊற்றினார்.

எவரிஸ்ட் இடுக்கியும் கையுமாக நின்றுவிட்டார். மூன்றில் மிஞ்சின ஒன்று, அதுவும் முட்டைக்கோஸ் தண்ணியில். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை!

ரொமுவால் ஒரே மூச்சில் குடித்தார். மீசையைத் துடைத்தார். பிறகு காலிக் கிண்ணத்தை முகர்ந்து பார்த்தார்.

"மாப்ளே, இந்தத் தினப்படி ஒயினை எங்க புடிச்சே? சூப்புல ஊத்தியும் இப்படி மணக்குதே" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே மறுபடி ஜாடிக்குக் கையை நீட்டினார்.

மாய்தே அப்போதுதான் தன் கோப்பையில் ஒரு வாய் குடித்து முடித்திருந்தாள். கண்ணை மூடித் திறந்தாள். ஜாடியின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள்.

"போதும் அண்ணே. உனக்கு சூப்பு வரைக்கும்தான்."

ரொமுவால் விழித்தார்.

"இது தொண்ணூத்தி மூணு" என்றாள் அவள். "என் கல்யாணத்துல கொடி அழுவுதுன்னு சொன்னியே, அதே கொடிதான். அழுதுட்டு என்னமா பழுத்திருக்கு, பாத்தியா?"

ரொமுவால் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு முட்டைக்கோஸ் இலை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. கோப்பையில் ஒரு வாய் ஊற்றிக் கொடுக்க முடியுமா என்று மெதுவாகக் கேட்டார். சின்னப் பையன் குரல்.

"உன்னோடது மூச்சு விட்டுக்கிட்டிருக்கே, அதைக் குடி" என்றாள் மாய்தே.

குடித்தார். வேறு என்ன செய்வார்? அந்த 2010 இன்னும் பத்து வருஷம் தூங்கவேண்டிய ஒயின். வாழைக்காய்த் துவர்ப்பு, நாக்கைக் கட்டிப்போட்டது.

எவரிஸ்ட் ஒரு பக்கம் தீய்ந்த இறைச்சியோடு உள்ளே வந்தார். மாய்தே அவரைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, ஜாடியில் இருந்ததை ஆளுக்குப் பாதியாக ஊற்றினாள். காய்ந்த இலை, புகையிலை, எங்கேயோ அடியில் பிளம் பழத்தின் இனிப்பு. தொண்டையில் இறங்குகிறதே தெரியவில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது, புகை என்று சொல்லிச் சமாளித்தார்.

தீய்ந்த துண்டை ரொமுவால் சத்தமில்லாமல் தின்றார். லிபூர்னில் அடுத்த ஏலம் எப்போது என்று விசாரித்தார். மாய்தே அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தபடி, கடைசிச் சொட்டு வரைக்கும் அவசரமில்லாமல் குடித்தாள்.