சிக்னல் பம்பரம் கையில்

பல் டாக்டர் கை கழுவத் திரும்பிய அரை நிமிடத்தில் நாற்காலி விறுவிறுவென்று மேலே கிளம்பிவிட்டது. நாற்காலியில் ஆளில்லை. ஆள் கீழே நின்று பெடலை மிதித்துக்கொண்டிருந்தாள். "அப்பா, உங்க கிரேன் மாதிரியே போகுதுப்பா!" என்று கத்தினாள். எட்டு வயது. பள்ளிப் பதிவேட்டில் நீளமாக ஒரு பெயர் இருந்தாலும், வீட்டில் பம்பரம் என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். அதுவும் மூன்றாவது தடவை கூப்பிட்டால்.

இந்த அறைக்குப் பம்பரம் வருவது இது மூன்றாம் முறை. முதல் முறை நாற்காலியிலிருந்து வழுக்கி இறங்கி வாசல்வரை ஓடினாள். அடுத்த முறை டாக்டரின் விரலைக் கடித்துவைத்தாள். இரண்டு தடவையும் கூட வந்தவள் அம்மா. "இனிமே என்னால முடியாது, நீங்களே கூட்டிட்டுப் போங்க. அந்த டாக்டரம்மா முகத்துல எப்படி முழிக்கறது?" என்று கையை விரித்துவிட்டாள். சொத்தை விழுந்திருந்தது பால்பல்லில் அல்ல. ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப்பல், போனால் திரும்பி வராதது. இன்றைக்கும் அடைக்க முடியாவிட்டால் பெரிய மருத்துவமனையில் மயக்கம் கொடுத்துப் பிடுங்குவதுதான் வழி என்று டாக்டர் போனிலேயே சொல்லியிருந்தார்.

சொத்தை எப்படி வந்தது என்பதில் ரகசியம் ஏதுமில்லை. காலையில் பிரஷ் வாய்க்குள் போகும். மேல்வரிசையில் நாலு இழுப்பு. அதற்குள் எதிர்வீட்டுச் சுவரில் ஒரு பூனை நடக்கும். பிறகு பிரஷ்ஷோடு ஆள் மொட்டைமாடியில் இருப்பாள், பூனையும் இருக்காது, பல் தேய்க்க வந்த நினைப்பும் இருக்காது. ராத்திரி வாயில் அதக்கிய பிஸ்கட்டை மெல்ல மறந்து அப்படியே தூங்கிவிடுவாள். "இது சேட்டை இல்லைங்க, கவனம் ஒரு இடத்துல நிக்காத பிரச்சினை. திட்டினா சரியாகாது" என்று குழந்தை மருத்துவர் விளக்கமாகச் சொன்னார். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்து திட்டினார்.

அவர் பிழைப்பே கவனம்தான். அடுக்குமாடி கட்டும் இடத்தில் கிரேனுக்குச் சிக்னல் காட்டுபவர். மேலே கூண்டுக்குள் இருக்கும் ஆபரேட்டருக்குக் கீழே நடப்பது சரியாகத் தெரியாது, இவர் கைதான் அவனுக்குக் கண். பதினைந்து வருஷமாக ஒரு கம்பிக்கட்டைக்கூடத் தப்பாக இறக்கியதில்லை. அப்படிப்பட்ட மனிதருக்குப் பிறந்தது பல் தேய்த்து முடிப்பதற்குள் பூனை பின்னால் போகிறதே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு ஆற்றாமை உண்டு. யாரிடமும் சொன்னதில்லை.

ஊசி போட்டது ஆச்சரியமாக ஒழுங்காக நடந்தது. விளக்கின் கண்ணாடியில் தன் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பம்பரம் அதைக் கவனிக்கவேயில்லை. உதடு மரத்தது. மிஷின் கிர்ரென்று கத்தியதுதான் தாமதம், நர்ஸ் பழக்க தோஷத்தில் அவளுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்து அமுக்கிக்கொண்டாள். பம்பரம் துள்ளினாள். முதுகை வில்லாய் வளைத்தாள். "பாருங்க, ஆரம்பிச்சாச்சு" என்று டாக்டர் அப்பாவைப் பார்த்தார். டாக்டரின் ஆட்காட்டி விரலில் பழைய பல்தடம் இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

அப்பா மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பதினைந்து வருஷப் பழக்கம், அவர் கண் கையைத்தான் பார்த்தது. நர்ஸின் பிடிக்குள் அந்தச் சின்னக் கை ஐந்து விரலும் விரிந்து, உள்ளங்கை தரையைப் பார்க்க, இடமும் வலமும் அசையத் தவித்துக்கொண்டிருந்தது.

"கையை விடுங்க! நிறுத்துங்கன்னு சொல்றா!"

பத்தாவது மாடிக்குக் கேட்க வேண்டிய குரல் அது. மிஷின் நின்றது. நர்ஸ் கையை உதறிவிட்டாள். அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

லீவு நாட்களில் அப்பாவின் வேலையிடத்து வேலிக்கு வெளியே நின்று பம்பரம் பார்த்துப் பழகிய சைகைகள் அவை. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அம்மாவின் கரண்டியை விரலாலேயே ஏற்றி இறக்குவாள். விளையாட்டு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். "போன தடவையும் கையைப் பிடிச்சீங்களா?" என்று அப்பா கேட்டார்.

"பிடிக்காம? மூஞ்சியில அடிச்சிட்டா?" என்றாள் நர்ஸ்.

"எங்க சைட்டுல சிக்னல் காட்டற ஆள் கையை யாரும் தொட மாட்டாங்க டாக்டர். யார் 'நிறுத்து' காட்டினாலும் கிரேன் நின்னாகணும். திரும்பக் கிளப்பறது மட்டும் சிக்னல்காரன்தான். முதலாளியே வந்தாலும் அவன் விரல் அசையாம கொக்கி அசையாது."

"இது பல்லுங்க, கட்டடம் இல்லை" என்றார் டாக்டர். ஆனால் நாற்காலியில் பம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததை அவரும் பார்த்தார். மரத்த உதட்டோடு அவள் சொன்னாள்: "நான் சொன்னாத்தான் கீழ இறங்கணும். விரல் கீழ பார்த்து சுத்தினா இறக்கு. மேல பார்த்து சுத்தினா தூக்கு. இன்னொரு கையை மேல வச்சா மெதுவா."

டாக்டர் மாஸ்க்கைக் கீழே இழுத்துவிட்டார். "சரி. நீ சிக்னல். நான் கிரேன். நீ வாயை மட்டும் மூடிடாதே."

"கிரேன் பேசக் கூடாது."

நர்ஸ் குபுக்கென்று சிரித்துவிட்டாள்.

பிறகு நடந்ததை அப்பா தன் வேலையிடத்தில்கூடப் பார்த்ததில்லை. முதல் ஐந்து நிமிடத்தில் பம்பரம் ஒன்பது தடவை நிறுத்தினாள். வலியால் அல்ல, நிஜமாகவே நிற்கிறார்களா என்று பார்க்க. ஒன்பது தடவையும் நின்றார்கள். பத்தாவது தடவைக்கு அவளுக்கு நேரமில்லை. இறக்கு, இறக்கு, மெதுவா, தூக்கு! கண்கள் இரண்டும் டாக்டரின் கையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. அப்பா தன்னையறியாமல் தானும் விரலைச் சுற்றிக்கொண்டிருந்தார். ஐயோ, என் பொண்ணு, என் பொண்ணு என்று உள்ளே ஏதோ கூத்தாடியது. யாரையாவது பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொத்தை முழுக்க வந்துவிட்டது என்று டாக்டர் கட்டைவிரலைக் காட்டினார். பேசவில்லை, கிரேன் அல்லவா.

மிச்சம் இருந்தது அடைப்பதுதான். பல்லைச் சுற்றிப் பஞ்சு வைத்தாயிற்று. "இது நனையக் கூடாது, நனைஞ்சா ஒட்டாது" என்று நர்ஸ் அப்பாவின் காதில் கிசுகிசுத்தாள். டாக்டர் பசையைக் கருவியின் நுனியில் எடுத்துக் குனிந்தார். பம்பரம் 'நிறுத்து' காட்டினாள்.

எல்லாம் நின்றது. உறிஞ்சுகுழல்கூட.

ஜன்னலுக்கு வெளியே ஒருவன் கயிற்றில் தொங்கியபடி எதிர்க் கட்டடத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பம்பரத்தின் கண் அவனோடு போய்விட்டது. விரித்த கை மட்டும் காற்றில் அப்படியே நின்றது. டாக்டர் பஞ்சைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். பஞ்சின் ஓரத்தில் ஈரம் ஏறத் தொடங்கியிருந்தது. நர்ஸின் விரல் குழலின் பொத்தானை நோக்கி நகர்ந்தது.

"பம்பரம், கவனம்!" என்ற வார்த்தை அப்பாவின் தொண்டைவரை வந்துவிட்டது. ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி வாயில் தேய்ந்துபோன வார்த்தை. அவர் பல்லைக் கடித்து அதை விழுங்கினார். நர்ஸைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தார். கிளப்புவது சிக்னல்காரியின் வேலை. கயிற்றில் தொங்கியவன் ஒரு கண்ணாடியை முடித்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தான். நாலு பேரும் அசையாமல் இருந்தார்கள்.

பிறகு, கண் இன்னும் ஜன்னலைவிட்டுத் திரும்பாமலே, அந்தக் கையின் நாலு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. மிஞ்சிய ஒன்று கீழே பார்த்து நின்றது. முகம் திரும்பி டாக்டரின் கையைத் தேடிப் பிடித்தது. விரல் சுற்றத் தொடங்கியது. அதன் மேல், மெதுவாக என்று சொல்லிக்கொண்டு, இன்னொரு கை வந்து கவிந்தது.