மரப்பட்டை

செமினித் தோட்டத்தில் வெட்டிப் போட்டிருந்த ரப்பர் மரம் ஒன்றில் அந்தப் பூஞ்சையைக் கண்டெடுத்தவள் நான். இரண்டு ஆண்டுகள் ஆய்வகத் தட்டுகளில் அதை வளர்த்தேன். ஜனகா எங்கள் ஆய்வகத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. நான் வளர்த்த பூஞ்சையின் சாற்றைப் புற்றுநோய்ச் செல்களின் மேல் விட்டாள். இரண்டு நாளில் பாதிக்கு மேல் செத்துப்போயின. அன்று பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் எல்லாருக்கும் வாழையிலைச் சாப்பாடு. "ஜனகாவோட பூஞ்சை" என்றார் எங்கள் பேராசிரியர் விநாயகமூர்த்தி. நான் தலை நிமிராமல் ரசத்தைக் குடித்தேன்.

அதன்பின் அவளே வளர்த்து, இரண்டு முறை சோதித்தாள். ஒரு செல்கூடச் சாகவில்லை.

"புனிதாக்கா, நீங்க வளர்த்தப்போ தட்டுல வேற ஏதாச்சும் போட்டீங்களா?"

போட்டேன். வெறும் உருளைக்கிழங்குக் கூழைத் தின்றால் அது சோம்பிவிடும் என்று தோன்றி, அந்த ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவித் தூவுவேன். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதனால் குறிப்பேட்டில் எழுதவில்லை.

"இல்ல லா" என்றேன்.

உடனே நம்பிவிட்டாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் வந்தார். "மொத தடவ வந்தது ஏதோ தப்பும்மா. எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல போட்டு, தூக்கிப் போட்டுரு. வேற பூஞ்சை பாப்போம்."

அவர் போனதும் ஜனகா தட்டுகளை அடுக்கினாள். நீராவியில் கிருமிகளைக் கொல்லும் ஆட்டோகிளேவின் மூடி திறந்திருந்தது. அந்த நீராவிக்குள் போனால் எதுவும் உயிரோடு திரும்பாது. அவள் தோற்பதை மனதுக்குள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அதில் என் பூஞ்சை சாகவில்லை.

"நில்லு." இழுப்பறையிலிருந்து டப்பாவை எடுத்து வைத்தேன். "இந்தப் பட்டையப் போட்டேன்."

டப்பாவைப் பார்த்தாள். பிறகு என்னை.

"அன்னிக்குக் கேட்டேனேக்கா."

"கேட்ட."

தன் குறிப்பேட்டைத் திறந்தாள். "ஒரு தட்டுக்கு எவ்ளோ?"

"ரெண்டு சிட்டிக."

"சிட்டிகன்னு எழுதுனா சிரிப்பாங்க. எடை போடுங்க."

போட்டேன். எழுதிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து, செல்கள் மறுபடி செத்தன. பேராசிரியர் ஜனகாவின் குறிப்பேட்டில் பட்டையின் எடை இருந்த பக்கத்தை எல்லாருக்கும் காட்டினார். ஓரத்தில் என் பெயரையும் குறித்திருந்தாள்.

என் பெயர்கூட அவள் கையெழுத்தில்தான் இருந்தது.