தோஹாவின் இரண்டு மணி

ஷிஃபானா அந்தக் கணக்கைப் போட்டபோது, அதைச் சரிபார்க்கிற தெம்பு வீட்டில் ஒருவருக்கும் இல்லை. வாப்பா மௌத்தாகி ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. தோஹாவில் வேலை செய்யும் நஸ்ரி நானாவுக்கு விடியப்புறம் இரண்டு மணி விமானத்தில் இடம் கிடைத்திருந்தது. அவள் ஃபோனில் தேடினாள்: தோஹாவிலிருந்து கொழும்புக்கு ஐந்து மணித்தியாலப் பறப்பு. ஏழுக்கு இறங்குவார். வெளியில் வர ஒரு மணித்தியாலம், கட்டுநாயக்காவிலிருந்து கிண்ணியாவுக்கு ரோட்டால் வான் பிடித்து வர ஆறு. இரண்டு மணிக்கு வாசலில் நிற்பார். அதை நம்பித்தான் பள்ளிவாசல் தலைவர் ஹிஸ்புல்லா மாமா, அடக்கம் மறுநாள் அஸர் தொழுகையோடு என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். ஆறு வருசமாக வாப்பாவைக் காணாத மகன் கடைசியாக ஒருதரம் அந்த முகத்தைப் பார்த்துவிட வேண்டும். வேறெதையும் யாரும் கேட்கவில்லை.

காலை ஏழு போய் எட்டும் ஆயிற்று. ஃபோன் அடிக்கவில்லை. அப்போதுதான் அவள் தலையில் இடி விழுந்தது. டிக்கெட்டில் இருந்தது தோஹாவின் இரண்டு மணி. இங்கே அப்போது நாலரை. நானா இறங்கவே ஒன்பதரை ஆகும், வீட்டுக்கு வர பின்னேரம் நாலரை. அஸரோ மூன்றரைக்கு. கணிதம் படித்த பிள்ளையாம், இரண்டரை மணித்தியாலத்தை அப்படியே விழுங்கிவிட்டாள்!

ஹிஸ்புல்லா மாமா முற்றத்தில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சுற்றிவரச் சொந்தக்காரர்கள். பாழாய்ப்போன வாய் உண்மையைச் சொன்னதா?

"பிளேன் பிந்திட்டாம் மாமா. அடக்கத்தை அஞ்சு மணிக்கு வைக்க ஏலாதா?"

மாமா கதிரையைக் கீழே வைத்தார். போன வருசம் பிந்திய விமானமொன்றை நம்பி ஒரு மையித்தை அடக்காமல் நாள் முழுக்க வைத்திருந்து ஊரே சங்கடப்பட்டதாம். அன்றைக்கே பள்ளியில் முடிவெடுத்தாயிற்றாம்.

"நாங்க நேரத்தைப் பிழையாக் கணக்குப் பார்த்திருந்தா மாத்தலாம் மகள். பிளேன் பிந்தினதுக்கு மாத்த ஏலாது."

இதைவிட அகலமாக யார் கதவைத் திறந்துவிடுவார்கள்? ஒரு சொல் போதும். அவளோ இத்தனை பேர் முன்னால் பொய்க்காரியாக நிற்கக் கூசி, ஓம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அதன்பிறகு எத்தனையோ தரம் சொல்லிவிட எழும்பினாள், எழும்பினபடியே உட்கார்ந்தாள்.

இரண்டரைக்கு நானா வழியில் ஹபரணையிலிருந்து ஃபோன் எடுத்தார்.

"பொறுக்கச் சொல்லு தங்கச்சி. வாப்பாட முகத்தை ஒருக்காப் பார்க்கணும்."

அப்போதும் அவள் அழத்தான் செய்தாள்.

அஸருக்கு முன்பே வாப்பாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஆண்கள் பள்ளிக்குப் போனார்கள். பெண்கள் வீட்டில் இருந்தார்கள். நாலரைக்கு வான் வந்து நின்றது. நானா செருப்போடு உள்ளே ஓடி, வெறும் அறையைப் பார்த்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். உம்மா அவர் தலையைத் தடவினார்.

"என்ன செய்ய மகன், பிளேன் பிந்திட்டே."

நானா நிமிர்ந்தார்.

"இல்லையே உம்மா. பிளேன் பத்து நிமிசம் முந்தியெல்லோ இறங்கினது."

உம்மாவின் கை நின்றது. அவர் திரும்பி ஷிஃபானாவைப் பார்த்தார்.