மாப்பிள்ளையின் படகும் என் ரிப்போர்ட்டும்

கடல் எனக்கு ஆகாது. வாளியில் தண்ணீர் தளும்பினால்கூட வயிற்றைப் புரட்டுகிற ரகம் நான். அப்படிப்பட்ட என்னைத்தான் என் தங்கை ஐந்து நாள் பாய்மரப் படகுப் பயணத்துக்கு அனுப்பிவைத்தாள். காரணம் என் உத்தியோகம். நான் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். இருபத்தாறு வருஷமாக மாடி மாடியாக ஏறி இறங்கி, இது ஓடலாம், இது ஓடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன். ஒரு தடவை என் மாமனார் குடியிருந்த கட்டடத்து லிஃப்டையே நிறுத்தியிருக்கிறேன். ஏழு மாதம் படியேறிய மனுஷர், அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அதனால் எனக்கு நிம்மதிதான்.

தங்கையின் வீட்டுக்காரர் பல் டாக்டர். அறுபதுக்கு இரண்டு வயசு பாக்கி. கைராசிக்காரர் என்று பெயர். அவர் திடீரென்று ஒரு நாள், கிளினிக்கை ஜூனியரிடம் கொடுத்துவிட்டுக் கரையோரமாகப் படகிலேயே சுற்றப் போகிறேன் என்றார். பழைய படகு ஒன்றை வாங்கியும் விட்டார். தங்கை கத்தவில்லை, அழவில்லை.

"அண்ணா, நீ ஒரு தடவை கூடப் போயிட்டு வா. ஓடலாம்னு நீ சொன்னா படகு இருக்கட்டும். கூடாதுன்னு சொன்னா அந்த வாரமே வித்துடச் சொல்றேன்," என்றாள்.

மாப்பிள்ளையும் இதற்குத் தலையாட்டிவிட்டார். ஆக, அவருடைய மிச்ச வாழ்க்கை என் பேனா முனையில் இருந்தது. படகில் கால் வைத்ததிலிருந்து அவர் எனக்குத் தலையணை தருவதும் எலுமிச்சம்பழம் தருவதுமாக இருந்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான் குறைகளைத் தேடினேன்.

எங்களோடு வந்த மூன்றாவது ஆள் டிரைவிங் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர், எங்கள் இருவருக்கும் பொதுவான சிநேகிதர். நடுக்கடலில் ஆள் அரவமே இருக்காது. அங்கேயும் இவர் வலது காலால் இல்லாத பிரேக்கை அழுத்துவார். "கண்ணாடி பாருங்க டாக்டர், பின்னால பாருங்க!" என்பார். பின்னால் ஒரு கடற்பறவை வந்துகொண்டிருக்கும்.

நான்காவது ஆள் மாப்பிள்ளையின் நாய். காது தொங்கி, பழுப்பு நிறம், ஏழு வயசு. ஆபீசர் என்று கூப்பிடுவோம். சட்டத்தை மீறி ஒரு அடி எடுத்துவைக்காத பிராணி. வீட்டுக்குள் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது, வெளியே மண்ணில்தான் என்று குட்டியிலேயே மாப்பிள்ளை அதற்குப் பாடம் நடத்தியிருந்தார். அதுவும் முதல் வகுப்பில் தேறியிருந்தது.

இரண்டாம் நாள் காலையில்தான் விஷயம் புரிந்தது. படகு ஏறியதிலிருந்து ஆபீசர் ஒன்றுக்கே போகவில்லை. தளத்தின் மூலையில் மாப்பிள்ளை ஒரு தட்டு நிறைய மண் வைத்திருந்தார். அது மண்ணைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது, பின்னங்கால் நடுங்க வந்து கால்மிதியில் உட்கார்ந்துகொண்டது.

"ஒண்ணுமில்ல, இதோ போயிடுவான். ரெண்டே நிமிஷம்," என்றார் மாப்பிள்ளை. முப்பது வருஷமாக நாற்காலியில் வாய் திறந்து கிடப்பவர்களிடம் சொல்லிச் சொல்லி அவருக்கு அது மூச்சுப்போல வந்துவிட்டது. அந்த இரண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று என் கடைவாய்ப் பல்லுக்குத் தெரியும்.

எனக்கு அந்தக் கால்மிதியை எங்கேயோ பார்த்த ஞாபகம். தங்கை வீட்டு வாசலில் கிடந்ததேதான். உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் வீட்டுத் திரைச்சீலை, அவள் வீட்டுச் சோபா உறை, சுவரில் அவள் வீட்டுக் கடிகாரம். என்றாவது அவள் வந்து பார்த்தால் அந்நியமாகத் தெரியக் கூடாது என்று மனுஷர் வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்திருக்கிறார். அவள் இன்னும் வரவில்லை. அதற்குள் நாய் நம்பிவிட்டது.

"இது வீடுன்னு அது முடிவு பண்ணிடுச்சு மாப்பிள்ள. செத்தாலும் இங்க போகாது," என்றேன்.

அதன்பிறகு படகுக்குக் கேப்டன் ஆபீசர்தான். வரைபடத்தில் போட்டுவைத்த கோடெல்லாம் காற்றில் போயிற்று. அது முனகினால் கரைக்குத் திரும்ப வேண்டும், ரப்பர் தோணியை இறக்க வேண்டும், துரையை மணலுக்கு அழைத்துப்போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்க வேண்டும். உலகத்திலேயே அழகான கடற்கரைகளை நான் ஒரு நாயின் மூத்திரத்துக்காகப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் அது முனகியபோது பக்கத்தில் மணலே இல்லை. அலையாத்திக் காட்டுக்கு நடுவே ஒரு உப்பங்கழி மட்டும் உள்ளே போயிற்று. "உள்ள விடுங்க டாக்டர், பார்க்கிங் காலியா இருக்கு," என்றார் மாஸ்டர். விட்டோம். நாய் இறங்கியது, போயிற்று, ஆற அமர மோப்பம் பிடித்தது, திரும்பி வந்தது. அதற்குள் கடல் வற்றத் தொடங்கியிருந்தது. அடியில் ஏதோ உரசியது. அப்புறம் படகு அலுத்துப்போன எருமை மாதிரி மெதுவாகச் சேற்றில் சாய்ந்தது.

"ரிவர்ஸ்! ரிவர்ஸ்!" என்று கத்தினார் மாஸ்டர். எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ரிப்போர்ட்டை மனசுக்குள் எழுதி முடித்துவிட்டேன். ஓடக் கூடாது.

தண்ணீர் ஏற ஆறு மணி நேரம் ஆகும். ஏறும்போது படகு அடித்துக்கொண்டு போகாமலிருக்க நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டுபோய்த் தள்ளிப் போட வேண்டும். மாப்பிள்ளையும் நானும் முழங்கால் சேற்றில் இறங்கினோம். அவர் நங்கூரத்தில் கயிற்றைக் கோத்து முடிச்சுப் போட்டார். முதல் தடவை விழவில்லை. இரண்டாம் தடவையும் விழவில்லை. கயிற்று நுனி அவர் விரல்களுக்கிடையில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. காற்று துளிகூட இல்லை.

"கொடுங்க," என்று வாங்கி நான் கட்டினேன்.

அவர் சேற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார். கிளினிக் குரல் காணாமல் போயிருந்தது. "பத்து மாசமாச்சு மச்சான். ஒரு பேஷன்ட் வாய்ல சின்னக் கண்ணாடிய வச்சேன். அது பல்லுல டக்டக்குன்னு தட்டுச்சு. குளிருதா டாக்டர்னு கேட்டார். ஆமா, ஏசி ஜாஸ்தின்னேன். அதோட நிறுத்திட்டேன். எல்லாம் ஜூனியர்தான் பார்க்கிறான்."

"டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"மாத்திரை இருக்கு. குறையும், போகாதாம். ஆனா சுக்கான் புடிக்கிறப்ப வர்றதில்ல மச்சான். காத்து இழுக்குது இல்ல, அந்த இழுப்புல கை அடங்கிடுது. அங்க மட்டும்தான் நான் பழைய ஆளு." நான் கட்டிய முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். "படகைப் பத்தி என்ன வேணா எழுதுங்க. சேத்துல மாட்டினதையும் சொல்லுங்க. கையைப் பத்தி மட்டும் அவகிட்ட சொல்லாதீங்க. அவளுக்குத் தெரியாது."

சரி என்றேன்.

மிச்ச இரண்டு நாளும் நான் படகைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. பாய் புடைத்திருக்கும்போது அந்தக் கை இரும்பு. காற்று விழுந்தால் மெல்ல ஆரம்பிக்கும். உடனே நாயைக் கூப்பிட்டு அதன் முதுகில் கையை வைத்துக்கொள்வார். பார்ப்பவர்கள் நாய்தான் நடுங்குகிறது என்று நினைப்பார்கள். ஆபீசர் அந்தப் பழியைப் பேசாமல் ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஐந்தாம் நாள் துறைமுகத்தில் தங்கை காத்திருந்தாள். என்னைத் தனியாக டிக்கெட் கவுன்டர் பக்கம் இழுத்துப்போனாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அடிப்பலகை, பம்ப், கயிறுகள் என்று தொடங்கினேன்.

"அதையெல்லாம் விடு. அவர் கை எப்படி இருந்துச்சு?"

"கைக்கு என்ன?" என்றேன். எனக்குப் பொய் சொல்லிப் பழக்கம் கிடையாது. முழி பிதுங்கியது.

"அண்ணா, ஒரு வருஷமா அவருக்கு அரை டம்ளர்தான் காபி ஊத்துறேன். சிந்திட்டா முகம் சுருங்கிப்போயிடும். ராத்திரி அவர் தூங்கினப்புறம் சட்டை சட்டையா எடுத்து பட்டன் ஓட்டையெல்லாம் பெருசு பண்ணித் தச்சு வைக்கிறேன். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனுஷர் ஒடிஞ்சுடுவார். படகு எப்படின்னு பார்க்கவா உன்னை அனுப்பினேன்?"

சொன்னேன். காற்று இருந்தால் அடங்குகிறது என்றேன்.

"காத்து இல்லன்னா?"

"நாய் மேல வச்சுக்கிறார்."

அவள் தண்ணீர்ப் பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப படகு இருக்கட்டும். ஆனா தனியா விட மாட்டேன். ஒவ்வொரு தடவையும் நீயும் கூடப் போ."

"எனக்குக் கடல்…"

"தெரியும். வாந்தி எடுத்துக்கிட்டே போ. எனக்குத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட மூச்சு விடாத."

முப்பது வருஷமாக ஒரே கட்டிலில் படுக்கிறவர்கள். ஒருவருக்கொருவர் தெரியாமல் காப்பாற்றிக்கொள்ள நடுவில் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள்.

படகுக்குத் திரும்பினேன். மாப்பிள்ளை தட்டுத்தடுமாறி எழுந்து வந்தார். "என்ன சொன்னீங்க?"

"ஓடலாம்னு சொன்னேன்."

"கையைப் பத்தி?"

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது மாப்பிள்ள," என்றேன். இருபத்தாறு வருஷத்தில் நான் கொடுத்த முதல் பொய்ச் சான்றிதழ்.

அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். குலுக்கி முடித்த பிறகும் அது ஆடிக்கொண்டிருந்தது. நான் விடவில்லை. காற்று இழுக்கிற அளவுக்கு என் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். அது அடங்குகிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.