பாதியில் நின்ற பதில்

வாயாடி என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் அவளுடைய தம்பி. சின்ன வயதில் கிண்டலுக்கு வைத்தான். வளர்ந்தபின் அதுவே அவளுக்குப் பிழைப்பாகிவிட்டது. வீட்டின் கீழ்த்தள அறையில் கணினி முன்னால் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரண்டு பேருக்கு நடுவில் பேசுவதுதான் அவள் வேலை. ஒரு பக்கம் மருத்துவர், இன்னொரு பக்கம் அவர் மொழி தெரியாத நோயாளி. எந்த மருத்துவமனை என்றுகூட அவளுக்குத் தெரிவதில்லை. திரையில் அழைப்பு வரும், முகங்கள் தெரியும், இவள் வாயைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்று மதியம் வந்த அழைப்பில் ஒரு தாய் இருந்தாள். முடியைக்கூட வாராமல் வந்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் அவளுடைய பையன் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தான். கழுத்து ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கிருமி ரத்தத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது, உடனே ஊசி போட வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். வேகமாகப் பேசுகிற மனிதர். பின்னால் நர்ஸ் ஏதோ மருந்துக் குப்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது மருந்து இவனுக்கு ஒத்துக்காம போயிருக்கான்னு கேளுங்க" என்றார் மருத்துவர். வாயாடி கேட்டாள்.

தாயின் முகம் மாறியது.

"ஆமாங்க! ஒரு தடவை பென்சிலின் ஊசி போட்டாங்க. போட்ட உடனே உதடெல்லாம் வீங்கி, மூச்சு விட முடியாம, பையன் நீலமா போயிட்டான். பொழைச்சதே பெரிய விஷயம். அந்த ஊசி வேணாங்க, வேணவே வேணாம்னு சொல்லுங்க" என்று தலையைப் பலமாக ஆட்டினாள்.

பென்சிலினுக்குத் தாய் சொன்ன ஊர்ப்பெயர் வாயாடிக்கு மட்டுமே புரிந்தது. மருத்துவர் பக்கம் சொல்ல வாயெடுத்தாள். திரை அப்படியே உறைந்தது.

தாயின் தலை ஒரு பக்கம் திரும்பியபடி நின்றுவிட்டது. ஹெட்போனில் ஒரு கரகரப்பு, பிறகு ஒன்றுமில்லை. "இணைப்பு துண்டிக்கப்பட்டது" என்று ஒரு கட்டம் வந்து அந்த முகத்தையும் மறைத்தது.

கேள்வி போய்ச் சேர்ந்திருக்கிறது, பதில் போய்ச் சேரவில்லை. அதைவிட மோசம், அந்தத் தலையாட்டல். வேண்டாம் என்று தாய் ஆட்டியதை, "அப்படி எதுவும் இல்லை" என்று மருத்துவர் எடுத்துக்கொண்டால்?

எழுந்து ஓடினாள். கூடத்து மூலையில் ரவுட்டர் இருந்தது. அதில் எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்துகொண்டிருந்தன. எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்று அது சாதித்தது. திரும்பி வந்து பார்த்தால் கணினியிலும் வைஃபை அடையாளம் இருந்தது. அதன்மேல் ஒரு சின்ன ஆச்சரியக்குறி. வைஃபை இருக்கிறது, இன்டர்நெட் இல்லை.

முதலில் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மேற்பார்வையாளர் எடுத்தாள்.

"மேடம், என் லைன் கட்டாயிடுச்சு. அந்தப் பையனுக்கு பென்சிலின் ஒத்துக்காது. டாக்டருக்கு அது தெரியாது. உடனே சொல்லணும், இப்பவே."

"இருங்க, எந்த ஆஸ்பத்திரின்னு பாக்கறேன்." விசைகள் தட்டுகிற சத்தம். "கெடச்சிடுச்சு. ஆனா ரிசப்ஷன் வழியாத்தான் வார்டுக்குப் போகணும். நான் அங்க முயற்சி பண்றேன், நீங்க உங்க பக்கம் லைனைக் கொண்டு வாங்க. வேற ஆளும் இல்ல, உங்க மொழி பேசற இன்னொருத்தர் வேற கேஸ்ல இருக்காங்க."

மேசைக்கு அடியில் தவழ்ந்து போனாள். பெட்டிக்குள் சுருட்டி வைத்திருந்த கேபிளை எடுத்து, ஒரு முனையைக் கணினியிலும் மறுமுனையைக் கூடத்தில் ரவுட்டரிலும் சொருகினாள். வைஃபை சதி செய்தாலும் கேபிள் கைவிடாது என்று தம்பி சொல்லியிருக்கிறான். கேபிளும் கைவிட்டது. அதே ஆச்சரியக்குறி. ரவுட்டரை அணைத்துப் போட்டாள். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து முடிகிற வரைக்கும் அதன் முன்னால் நின்று, "வா, வா, வந்து தொலை" என்று கெஞ்சினாள், திட்டினாள். வந்தது. மறுபடியும் பச்சை. மறுபடியும் ஒன்றுமில்லை. செல்போனிலிருந்து இணைப்பைப் பகிர்ந்து பார்த்தாள். அந்த அறையில் சிக்னல் ஒரே ஒரு கோடு. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மடிக்கணினியாக இருந்தால் மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள். இந்த இரும்புப் பெட்டியை எங்கே தூக்க?

தம்பிக்குப் போன் போட்டாள். ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் அவன். ஏதோ கூட்டத்தில் இருந்தான் போலிருக்கிறது, குசுகுசுவென்று பேசினான்.

"என்ன வாயாடி, அப்புறம் கூப்பிடவா?"

"வைக்காதடா! ஒரு உயிர் போற விஷயம்."

அவள் குரலில் இருந்த பதற்றம் அவனுக்குப் புரிந்தது. நாற்காலி நகர்ந்தது, கதவு மூடியது. "சொல்லு" என்றபோது குரலில் கிண்டல் இல்லை.

சொன்னாள். கேபிளிலும் வரவில்லை, வைஃபையிலும் வரவில்லை, விளக்கு மட்டும் எரிகிறது.

"அப்போ கணினி மேலயும் தப்பு இல்ல, கேபிள் மேலயும் தப்பு இல்ல. அக்கா, நெட்வொர்க் செட்டிங்ஸைத் திற. ஐபி அட்ரஸ்னு புள்ளி வெச்ச நாலு எண் இருக்கும். படி."

இரண்டு முறை தவறான பக்கத்தைத் திறந்து மூடினாள். மூன்றாவதாகக் கிடைத்தது. முதல் இரண்டு எண்களைப் படித்தாள்.

"அது எல்லார் வீட்டுலயும் ஒண்ணுதான். மூணாவது என்ன?"

"பூஜ்யம்."





"நல்லா பாத்தியா? பூஜ்யமா, ஒண்ணா?"

"பூஜ்யம்டா! கண்ணு தெரியுது எனக்கு."

"உன் வீட்டு ரவுட்டரை நான்தான் செட் பண்ணேன். அது ஒண்ணுன்னுதான் குடுக்கும். பூஜ்யம் குடுக்கவே குடுக்காது. அக்கா, உன் வீட்டுல இன்னொரு ரவுட்டர் ஓடிக்கிட்டு இருக்கு."

"இல்லடா. ஒண்ணே ஒண்ணுதான்."

"இருக்கு. வெளிய போக எது வழின்னு உன் கணினி கேக்குது. யார் முதல்ல பதில் சொல்றாங்களோ அவங்களை நம்பிடும். உன் ரவுட்டர் சொல்றதுக்கு முன்னாடி இன்னொண்ணு முந்திக்கிட்டு, முட்டுச்சந்துக்கு வழி காட்டுது. போய் ரவுட்டருக்குப் பின்னாடி பாரு. உனக்குத் தெரியாத ஒயர் ஏதாவது சொருகியிருக்கா?"

வீட்டில் அவளுக்குத் தெரியாமல் எதுவோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. கூடத்துக்கு ஓடி ரவுட்டரைத் திருப்பினாள். இப்போது அவள் சொருகிய கேபிள் ஒன்று, தெருவிலிருந்து வரும் லைன் ஒன்று. மூன்றாவதாக ஒரு நீல ஒயர். புதுசு. சுவரோரமாக ஓடி, படிக்கட்டுக் கைப்பிடியில் நூல் போட்டுக் கட்டப்பட்டு, அழகாக மாடிக்குப் போயிருந்தது.

மாடியில் இருந்தது மாமனார் ஒருவர்தான்.

"மாமா!" என்று கத்தினாள். அவர் காதில் எப்போதும் ஹெட்போன்.

"அக்கா, ஆராய்ச்சி அப்புறம். அந்த ஒயரைப் பிடுங்கு. பிடுங்கிட்டு உன் கேபிளைக் கழட்டி மறுபடி மாட்டு."

பிடுங்கினாள். கேபிளைக் கழற்றி மாட்டிவிட்டு மேசைக்கு ஓடி வந்தாள். ஆச்சரியக்குறி இருந்தது. இருந்தது. பிறகு காணாமல் போனது.

"வந்துடுச்சுடா" என்று சொல்லும்போதே மறு கையால் அழைப்பை மறுபடி திறந்துவிட்டாள்.

முகங்கள் தெரிய ஒரு யுகம் ஆனது. தெரிந்தபோது அவள் முதலில் பார்த்தது மருத்துவரின் மணிக்கட்டு. அதைத் தாய் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நர்ஸ் அவள் தோளைத் தொட்டு விலக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையில் ஊசி இருந்தது.

"நிறுத்துங்க டாக்டர்!" வாயாடி கத்தியதில் அந்த அறையில் எல்லோரும் திரும்பினார்கள். "பென்சிலின் ஒத்துக்காது. முன்னாடி போட்டப்போ மூச்சு நின்னு பையன் நீலமா போயிருக்கான். அம்மா அதைத்தான் சொன்னாங்க. இல்லைன்னு தலையாட்டல, வேணாம்னு ஆட்டினாங்க."

மருத்துவர் ஊசியைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். ஊசியைத் தட்டில் வைத்தார். வைத்தபோது அது கிணுங்கிய சத்தம் இவள் காதுவரை கேட்டது.

"இவங்க பயப்படறாங்கன்னு நெனச்சேன்" என்றார். வேகம் போய்விட்டது அந்தக் குரலில். "ஊசிக்குப் பயம்னு. வேற மருந்து இருக்கு, அதைப் போடலாம். அவங்க கையை விடச் சொல்லுங்க."

வாயாடி சொன்னாள். தாய் உடனே விடவில்லை. "சத்தியமா வேற மருந்தா?" என்றாள்.

"சத்தியமாங்க" என்றாள் வாயாடி. மருத்துவர் சொல்லாத வார்த்தையைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்பது அவள் தொழிலின் முதல் விதி. அன்று சேர்த்தாள்.

அப்புறம்தான் அந்த அறையின் போன் ஒலித்தது. ரிசப்ஷனிலிருந்து, மேற்பார்வையாளர் சொல்லியனுப்பிய செய்தியோடு.

அழைப்பு முடிந்ததும் எழுந்தாள். கோபம் அவளை மாடிப்படி ஏற்றியது. என்னென்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு படியிலும் ஒரு வாக்கியம் சேர்த்துக்கொண்டாள்.

மாமனார் தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் பரணிலிருந்து இறக்கிய பழைய ரவுட்டர், துணியால் துடைத்துப் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் கடையில் வாங்கிய நீல ஒயரின் காலி உறை.

"வாம்மா. இதுல லைட்டு எரியுது, ஆனா டிவிக்கு நெட் வரமாட்டேங்குது" என்றார், ஹெட்போனை இறக்கி. "கீழ ஒயர் சொருகும்போது உன் ரவுட்டரோட பிளக்கு லேசா ஆடி, அணைஞ்சு எரிஞ்சுது. உனக்கு ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

வாயாடிக்குச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று அவர் சொன்னதும், இந்த ஞாயிறு பார்க்கலாம் மாமா என்று தான் சொன்னதும், பல ஞாயிறு போனதும் ஞாபகம் வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆனால் எதையும் குறைக்கவில்லை.

அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகலியே?"

"ஆகல மாமா. அவங்க அம்மா விடல."

அவர் பழைய ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கினார். பிளக் உடனே வரவில்லை. அவள் குனிந்து பிடுங்கிக் கொடுத்தாள்.

"இனிமே இதைத் தொடமாட்டேன்மா."

"தொடுங்க, ஆனா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தொடுங்க. தம்பியை வரச் சொல்றேன். இதையே மாடிக்குச் சரியா செட் பண்ணித் தருவான். அதுவரைக்கும் கீழ வந்து டிவி பாருங்க."

சாயங்காலம் மேற்பார்வையாளர் கூப்பிட்டாள். மாற்று மருந்து வேலை செய்கிறதாம், காய்ச்சல் இறங்கத் தொடங்கியிருக்கிறதாம். நாளைக்குக் காலை மருத்துவர் பார்க்க வரும்போது அந்தத் தாய் இதே ஆளைத்தான் கேட்கிறாளாம். "நீங்க இருப்பீங்களா?"

"இருப்பேன்" என்றாள் வாயாடி. கேபிளை மேசைக் காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள் அப்போது. கழன்று வருகிறதா என்று முனையை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.