குனிந்தால் திருடி

"உன் கடைக்காரன் என்னைத் திருடின்னு எழுதி அனுப்பிட்டான்டி!"

ஞாயிறு மத்தியானம், சபை முடிந்து எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த நேரம். தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்குத் தட்டின் மேலேயே சியெனி அந்தக் கடிதத்தை வீசினாள். மசினா எடுத்த கவளம் வாய்க்குப் போகவில்லை. சியெனி அவளுடைய மூத்த நாத்தனார். சாமோவாத் தீவுக்காரர்கள் குடியேறிய மாங்கெரே ஊரின் சபை மாதர் சங்கத் தலைவி. மசினாவின் புருஷன் பீட்டா ஆபத்தை மோப்பம் பிடித்து, தட்டோடு கொல்லைப்பக்கம் நழுவிவிட்டான். இந்த விஷயத்தில் எந்தத் தீவு ஆம்பிளைக்கும் வித்தியாசம் கிடையாது.

'சந்தேகத்துக்குரிய உடலசைவு. இரண்டு ஆண்டுகளுக்குக் கடைக்குள் நுழையத் தடை' என்றது மசினா வேலை பார்க்கும் கடையின் கடிதம்.

"நான் என்னடி பண்ணேன்? டின் இறைச்சி எடுத்தேன். வழியில ரெண்டு கிழவிங்க நின்னு பேசிட்டிருந்தாங்க. குனிஞ்சு, 'துலோ'ன்னு சொல்லிட்டு நடுவுல போனேன். வேற எப்படிப் போறதாம், மாடு மாதிரி நிமிர்ந்தா? நீதான் அங்க நின்னு பாத்தியே!"

மசினா பார்த்தாள்தான். சாமோவாப் பிள்ளை நடக்கப் பழகும்போதே, 'துலோ' என்று மன்னிப்புக் கேட்டு அடுத்தவர் முன்னால் குனிந்து போகவும் பழகிவிடும். கடைக்கூரையில் மாட்டிய புதுக் கேமரா எந்த ஊர்ப் பிள்ளையோ! கையில் டின், உடம்பு வளைகிறது, ஆட்களுக்கு நடுவே மறைகிறது; போடு சிவப்பு விளக்கு. அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த மரியாதை.

"வெள்ளிக்கிழமை சங்கக் கூட்டம். திருடிப் பட்டம் வாங்கினவளைத் தலைவியா வச்சிருப்பாங்களா? இருபத்திரண்டு வருஷம்டி! 'இவ திருடி இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் இல்லையா?"

"சொன்னேன் அண்ணி. பொத்தானையும் அமுக்கினேன். என் பொத்தானை இப்ப அது மதிக்கிறதில்லை."

அது நிஜம். முன்பு அந்தக் கடையில் பதினான்கு பெண்கள் பில் போட்டார்கள். இப்போது வாங்க வருகிறவரே சாமானை ஸ்கேன் செய்து, தானே பையில் போட்டு, சம்பளமில்லாமல் கடைக்கு ஊழியம் செய்துவிட்டுப் போகிறார். திருடனோ என்ற சந்தேகம் அதற்கு மேல் இலவசம். பத்து மிஷின்களுக்கும் காவல் மசினா ஒருத்திதான். சிவப்பு விளக்கு எரிந்தால் 'திருட்டு' அல்லது 'திருட்டு இல்லை' என்று அவள் அமுக்க வேண்டும். குனிந்தவர்களை எல்லாம் 'இல்லை' என்று விட்டுக்கொண்டே வந்தாள். இவளுக்குக் கண் சரியில்லை என்று மிஷின் முடிவு கட்டிவிட்டது. பிறகு அவள் எதை அமுக்கினாலும் அது தன் இஷ்டப்படிதான் நடந்தது.

மறுநாள் சியெனியையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். தடை இருப்பதால் சியெனி கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றாள். மேனேஜர் கிளைவ், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இரண்டு பேரோடு மிஷின்களின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான்.

"கிளைவ், அவங்க குனிஞ்சது மரியாதைக்கு. அந்தக் கடுதாசியை வாபஸ் வாங்குங்க."

கிளைவ் கெட்டவன் இல்லை; அதுதான் தொல்லை. அக்கறையாகத் திரையைத் திருப்பிக் காட்டினான். "எனக்குத் தெரியாதா மசினா? ஆனா ஏன் குனிஞ்சாங்கன்னு காரணம் போட்டாத்தான் மிஷின் விடும். இதுல நாலுதான் இருக்கு."

இடுப்புப் பிடிப்பு, மயக்கம், கர்ப்பம், குடிபோதை.

"மரியாதை எங்க?"

"அது இதுல இல்லை. இடுப்புக்கும் மயக்கத்துக்கும் டாக்டர் சீட்டு வேணும். அவங்களுக்கு வயசென்ன?"

"அறுபத்தி மூணு."

"அப்ப கர்ப்பம் கஷ்டம்." வந்தவர்களில் ஒருவன் இருமுவதுபோல் சிரித்தான். "குடிபோதைன்னு போடுங்க. சீட்டே வேண்டாம், தடை இன்னிக்கே போயிடும்."

வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொடாத மனுஷி! திருடியாக இருக்கப் பிடிக்காவிட்டால் குடிகாரியாக இருந்துகொள்ளலாமாம். என்ன தாராள மனசு பாருங்கள்!

"போட மாட்டேன்."

"பிடிவாதம் பிடிக்காதீங்க. ஏற்கெனவே மிஷின் உங்களை நம்பலை. இதையும் முடிக்காம விட்டா நாளையிலேர்ந்து உங்களுக்கு ஷிப்ட் போடாது. என் கையில ஒண்ணுமில்லை."

பீட்டாவின் கிடங்கு வேலையைப் போன வருஷமே ரோபோ எடுத்துக்கொண்டது. வீட்டில் சம்பளம் வாங்குகிறவள் மசினா ஒருத்திதான். ஆனாலும் 'குடிபோதை'யை அமுக்கக் கை வரவில்லை. மேலே போட்டிருந்த கடை அங்கியைக் கழற்றி மிஷின் மேல் வைத்தாள்.

வெளியே போக, உட்கார்ந்திருந்த மூவரின் முன்னால்தான் வழி. ஐம்பது வருஷப் பழக்கம், முதுகு தானாக வளையப் பார்த்தது. பிடித்து நிறுத்தினாள். தலையைத் தூக்கிக்கொண்டு, மூன்று பேர் மூக்குக்கும் நேராக மெதுவாக நடந்தாள். கூரையில் பச்சை விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா, எவ்வளவு சுலபம்!" என்று கிளைவ் பூரித்துப் போனான்.

வாசலில் சியெனி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"தடை போகலை அண்ணி. நீங்க குடிச்சிருந்தீங்கன்னு எழுதச் சொன்னான். எழுத மாட்டேன்னுட்டேன். வேலை போச்சு."

சியெனியின் முகம் சிவந்தது. "போறான், விடு! வெள்ளிக்கிழமை அந்தக் கடுதாசியைச் சங்கத்துல நானே வாசிக்கிறேன். குனிஞ்சதுக்காக என்னை எவ இறக்குறான்னு பாத்துடறேன்." சட்டென்று மசினாவின் கையைப் பிடித்து உலுக்கினாள். "ஆனா நீ பண்ணது என்னடி? உக்காந்திருக்கிறவங்க முன்னாடி நெஞ்சை நிமித்திக்கிட்டு வரே! உங்கம்மா இப்படியா வளத்தா?"

மசினா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மனுஷங்க உக்காந்திருந்தா குனிஞ்சிருப்பேன் அண்ணி."